கடைக்காரர் நம்பிக் கொடுத்த விவரம், இலவச ஏஐ பெட்டிக்குள் போகும் முன்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் சின்னக் கடைகளுக்குச் சம்பளக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். போன வருடம் ஒரு மாதக் கடைசியில் என்னிடம் வேலை பார்க்கும் பெண், அவசரத்தில், ஓர் உணவகத்தின் 14 ஊழியர்களுடைய பட்டியலைப் பெயர், வேலை அனுமதி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றோடும் இலவச சாட்ஜிபிடியில் ஒட்டி, ஓவர்டைமைக் கூட்டித் தரச் சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, எதை ஒட்டக்கூடாது என்று நான் சொல்லித் தரவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் செட்டிங்ஸ். சாட்ஜிபிடியில் டேட்டா கன்ட்ரோல்ஸ் என்ற இடத்துக்குப் போய், 'இம்ப்ரூவ் த மாடல் ஃபார் எவ்ரிஒன்' என்பதை அணைத்துவிடுங்கள். இலவசக் கணக்கில் அது தானாகவே திறந்திருக்கும், நீங்கள் எழுதுவது அடுத்த மாடலுக்குப் பயிற்சியாகப் போகலாம். ஆனால் அணைத்துவிட்டோமே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. பயிற்சிக்குப் போகாவிட்டாலும் விவரம் வெளிநாட்டு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 2023 மார்ச்சில் ஒரு கோளாறால் சாட்ஜிபிடியில் சிலருக்கு வேறு ஆட்களுடைய உரையாடல் தலைப்புகள் தெரிந்தன.

அப்படியென்றால் என்ன வழி? ஏஐயிடம் விடையைக் கேட்காமல் சூத்திரத்தைக் கேளுங்கள், எங்கள் வேலையில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடுகிறது. உதாரணமாக இப்படிக் கேட்கலாம்: 'பி2 கட்டத்தில் மாத அடிப்படைச் சம்பளம், சி2 கட்டத்தில் ஓவர்டைம் மணி. சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 வாரம் × 44 மணி நேரத்தால் வகுத்தால் வரும் மணிக்கூலிக்கு ஒன்றரை மடங்கு போடும் எக்செல் சூத்திரம் கொடு.' வந்த சூத்திரத்தை உங்கள் கணினியிலேயே போட்டு, 1,144 வெள்ளி என்று ஒரு கற்பனைச் சம்பளம் கொடுத்துப் பாருங்கள். மணிக்கூலி 6 வெள்ளி, ஒரு மணி நேர ஓவர்டைமுக்கு 9 வெள்ளி வந்தால் சூத்திரம் சரி. ஒரு ஊழியருடைய விவரம்கூட வெளியே போகவில்லை.

கடிதம், மின்னஞ்சல் என்றால் பெயர் வரும் இடத்தில் 'ஊழியர் 1', தொகை வரும் இடத்தில் வெறும் கோடு போட்டுக் கேளுங்கள், பிறகு வேர்டில் நீங்களே நிரப்பிக்கொள்ளலாம். யார் ஊழியர் 1 என்பது உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். ஆனால் பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. நாலு பேர் வேலை பார்க்கும் கடையில் 'பரோட்டா மாஸ்டர், தஞ்சாவூர்க்காரர்' என்று எழுதினால் அவர் யாரென்று தெருவுக்கே தெரியும்.

கோப்பையே ஏற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள். எக்செலில் மறைத்து வைத்த நெடுவரிசைகளும் சேர்ந்தே போகும். பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் போட்டு மூடினாலும் அடியில் எழுத்து அப்படியே இருக்கும்.

இதில் சட்டமும் இருக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பெட்டிக்கடைக்கும் பொருந்தும், தகவல் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரை நியமித்தாக வேண்டும், சின்ன இடத்தில் அது முதலாளியாகவே இருக்கலாம். அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை போகலாம், பெரிய நிறுவனங்களுக்கு அதற்கு மேலும். ஆனால் எனக்கு அபராதத்தைவிட, அடையாள அட்டை நகலை யோசிக்காமல் நம் கையில் கொடுக்கிறார்களே, அந்த நம்பிக்கைதான் பெரிது.

ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? அந்த உரையாடலை உடனே அழியுங்கள். என்ன ஒட்டினோம், எத்தனை பேருடைய விவரம், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். அப்புறம் வாடிக்கையாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், ஏனென்றால் கசிவு எவ்வளவு கடுமையானது என்று மதிப்பிட வேண்டியவர் அவர். 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டிருந்தால், அல்லது முழுப்பெயரோடு சம்பளத் தொகை போன்ற விவரம் கசிந்து பெரிய தீங்கு வரக்கூடும் என்றால், அப்படி முடிவான 3 நாட்களுக்குள் அவர் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். நான் அந்த உணவகக்காரரிடம் நேரில் போய்ச் சொன்னேன். கோபப்பட்டார், ஆனால் கணக்கை இன்னும் என்னிடம்தான் கொடுக்கிறார்.