பாஸ்டர் இல்லாத சபைன்னு ஆரம்பிச்சு வழுக்கி விழுற இடங்கள்

நாங்க எட்டு குடும்பம். ஒரு பிளாட் ஹால்ல சோபாவை ஓரமா தள்ளிட்டு, பாயை விரிச்சு வட்டமா உக்காந்து ஆரம்பிச்சோம். மேடை இல்ல, மைக் இல்ல, கீபோர்டு இல்ல, யாரையும் பாஸ்டர்னு கூப்பிடுறதில்ல, எல்லாரும் பிரதர் சிஸ்டர் தான். ஆதி சபை எப்படி கூடுச்சுன்னு சொல்ற அப்போஸ்தலர் 2:42-ஐ சார்ட்ல பெருசா எழுதி சுவத்துல ஒட்டியாச்சு. உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல் (திருவிருந்து), ஜெபம், இது நாலும் போதும்னு. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா அதே ஹால்ல ஒருத்தர் பேச மீதி பேர் தலையாட்டிக்கிட்டு இருந்தாங்க. பழைய சபையில பேசுறவரைக் கேள்வி கேக்க ஒரு கமிட்டியாவது இருந்துச்சு, இங்க அதுவும் இல்ல. அந்த ஒருத்தர் வேற யாருமில்ல, நான் தான்.

அதனால இது வெளியே நின்னு குறை சொல்றவன் எழுதுறது இல்ல. ஆதி சபை மாதிரி கூடணும், ஊழியத்தை எல்லாரும் பங்கு போட்டு செய்யணும்னு இன்னைக்கும் ஆசை இருக்கு. ஆனா அந்த ஆசையோட கிளம்புற பல பேர் ஒரே பள்ளத்துல தான் விழுறாங்க, நானும் விழுந்தேன்.

பைபிளை அப்போஸ்தலர் 2-ஓட மூடிடுறது தான் ஆரம்பத் தப்பு. எல்லாத்தையும் பொதுவா வச்சு அனுபவிச்சாங்க, வீடுகள்தோறும் அப்பம் பிட்டாங்க, ஆஹா எவ்வளவு அழகு! சரி, அடுத்து 5-ஆம் அதிகாரம் போங்க, அனனியாவும் அவர் மனைவி சப்பீராளும் நிலம் வித்த காசுல பொய் சொல்லி, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் செத்து விழுறாங்க. 6-ஆம் அதிகாரத்துல சாப்பாட்டுச் சண்டை. கிரேக்க பாஷை பேசுற விதவைங்களை தினசரி பந்தியில கவனிக்கலைன்னு முறுமுறுப்பு. இந்த இடத்தை நாம வேகமா தாண்டிப் போயிடுறோம், ஆனா ஊழியத்தைப் பகிர்றதுன்னா என்னன்னு இங்க தான் பாடமே இருக்கு. அப்போஸ்தலர்கள் "நாங்களே பாத்துக்கிறோம், நீங்க பொறுமையா இருங்க"ன்னு சொல்லலை, "குறை சொல்றது விசுவாசக் குறைவு"ன்னு வாயை அடைக்கவும் இல்ல. நீங்களே ஏழு பேரைத் தெரிஞ்செடுங்கன்னு சபைகிட்ட விட்டுட்டாங்க. அந்த ஏழு பேரைப் பாருங்க: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழுமே கிரேக்கப் பேரு! அதாவது, பாதிக்கப்பட்ட பக்கத்து ஆளுங்க கையிலயே அண்டாவும் கணக்கும் போயிருக்குன்னு தான் நான் படிக்கிறேன். நம்ம ஐக்கியத்துல குறை சொன்ன குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? அடுத்த வாரம் வாட்ஸ்அப் குரூப்புல மௌனம் தான்.

அடுத்தது, வீட்டுல கூடுனாலே ஆதி சபை ஆயிடும்னு நினைக்கிறது. மாற்கு என்னும் யோவானோட அம்மா மரியாள் வீட்டுல கூடுனாங்க, பிலேமோன் வீட்டுல, ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீட்டுல, நிம்பா வீட்டுல கூடுனாங்க, எல்லாம் நிஜம். ஆனா எருசலேம்ல சாலொமோன் மண்டபத்துலயும் கூடுனாங்க, எபேசுல பவுல் திறன்னுங்கிறவரோட பாடசாலையில ரெண்டு வருஷம் பேசினார். சிரியாவுல ஐப்பிராத்து (யூப்ரடீஸ்) நதிக்கரையில துரா யூரோப்போஸ்னு ஒரு ஊர், 256 வாக்கில பாரசீகர் படையெடுப்புல அழிஞ்சது, அதைத் தோண்டுனப்போ ஒரு வீட்டுச் சபை கிடைச்சது. அங்க என்ன பண்ணியிருக்காங்கன்னா ரெண்டு ரூமுக்கு நடுவுல இருந்த சுவரை இடிச்சு பெரிய கூடமா ஆக்கியிருக்காங்க, இன்னொரு ரூம்ல ஞானஸ்நானத் தொட்டி கட்டி சுவர்ல படமெல்லாம் வரைஞ்சிருக்காங்க. தேவைப்பட்டப்போ வீட்டையே மாத்துனவங்க அவங்க. நாம தான் ஹால், பாய், வட்டம்னு அதையே ஒரு சடங்கு ஆக்கிடுறோம்.

வீட்டுல இன்னொரு சிக்கல் இருக்கு, யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. வீட்டுக்காரர் தான் பாஸ்டர் ஆயிடுவார். அவர் சோபா, அவர் கரண்ட் பில், அவர் மனைவி போடுற டீ, அவரை எதிர்த்து யார் பேசுவா? மாசம் ஒரு வீடுன்னு மாத்துங்க. சின்ன வீடு வச்சிருக்கிறவங்க கூச்சப்படுவாங்க, அவங்க வீட்டுக்கு கட்டாயம் போங்க.

இப்ப பெரிய தப்புக்கு வரேன். தலைவர் வேண்டாம்னா தலைமையே வேண்டாம்னு அர்த்தம் எடுத்துக்கிறது. புதிய ஏற்பாட்டு சபைகள்ல தலைமை இருந்துச்சுங்க, ஒத்த ஆளா இல்ல, அவ்வளவு தான். அப்போஸ்தலர் 14:23-ல சபைகள்தோறும் மூப்பர்களை ஏற்படுத்துறாங்க, பன்மை. 20-ஆம் அதிகாரத்துல பவுல் எபேசு மூப்பர்களை வரவழைச்சு, அதே ஆளுங்களைக் கண்காணிகள்னு சொல்றார். பிலிப்பியருக்கு எழுதுறப்பவும் கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும்னு தான் ஆரம்பிக்கிறார். நாங்க மூப்பரே வேண்டாம், ஆவியானவர் நடத்துவார்னு விட்டுட்டோம். நடந்தது என்ன? வேலைப்பளு இல்லாதவன், வேதத்தை வேகமா புரட்டுறவன், சத்தமா பேசுறவன், அவனே எல்லாத்தையும் முடிவு பண்ணான். பேர் வைக்காத பதவியை யாராலயும் புடுங்க முடியாது பாருங்க. 3 யோவான்ல முதன்மையா இருக்க ஆசைப்படுற தியோத்திரேப்புன்னு ஒருத்தர் வர்றார், அவருக்கு பட்டம் எதுவும் சொல்லலை, ஆனா வர்றவங்களைத் தடுக்கிற, சபையை விட்டுத் தள்ளுற அளவுக்கு அதிகாரம் இருந்திருக்கு. நாலு வாரம் யார் எவ்வளவு நேரம் பேசுறாங்கன்னு ஒரு தம்பி நோட்டுல குறிச்சு வச்சு காட்டுனப்போ தான் எனக்கு அந்த வசனம் உறைச்சது. அதுக்கப்புறம் மூணு பேரை மூப்பரா வச்சோம், யாரும் யாரையும் கேள்வி கேக்கலாம்னு முதல்லயே பேசி வச்சோம்.

எதிர்ப்பக்கத்துத் தப்பும் உண்டு, மூப்பரைப் பிடிக்கலைன்னா உடனே தூக்கிடுறது. முதல் நூற்றாண்டு முடியுற சமயம் கொரிந்துல குற்றம் எதுவும் இல்லாத மூப்பர்களை நீக்கிட்டாங்கன்னு ரோம் சபை அவங்களுக்கு ஒரு நீளமான கடிதமே எழுதிச்சு, கிளெமெந்து கடிதம்னு சொல்வாங்க.

"எல்லாரும் பங்கெடுக்கணும்"கிறதை ஓப்பன் மைக் மாதிரி எடுத்துக்கிறது இன்னொண்ணு. 1 கொரிந்தியர் 14:26 தான் எல்லாருக்கும் மனப்பாடம், ஒருத்தன் சங்கீதம் பாடுறான், ஒருத்தன் போதகம் பண்றான்னு. மூணு வசனம் தள்ளி வாசிங்க, தீர்க்கதரிசிகள் ரெண்டு பேராவது மூணு பேராவது பேசலாம், மத்தவங்க நிதானிக்கணும். பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்கு ஏதாவது வெளிப்பட்டா முந்திப் பேசுனவன் நிறுத்திக்கணும். பேசுறதுக்கு அளவு, கேக்குறவங்களுக்கு எடைபோடுற வேலை. நம்ம கூட்டத்துல யாராவது "கர்த்தர் எனக்கு சொன்னார்"னு ஆரம்பிச்சா எடைபோட ஒருத்தருக்கும் தைரியம் வராது, ஆமென் மட்டும் வரும்.

எல்லாரும்னு சொல்றோமே, அதுல பாதிப் பேர் கிச்சன்ல இருக்காங்க. 112 வாக்கில பித்தினியாவுல ஆளுநரா இருந்த பிளினி, ரோமப் பேரரசர் திராயானுக்கு எழுதுன கடிதத்துல, கிறிஸ்தவங்களைப் பத்தி தெரிஞ்சுக்க ரெண்டு அடிமைப் பெண்களை சித்திரவதை பண்ணி விசாரிச்சதா சொல்றார், சபையில அவங்களை ஊழியக்காரிகள்னு அழைச்சாங்களாம். அடிமைப் பெண்கள்! பவுல் ரோமருக்கு எழுதும்போது கெங்கிரேயா சபையில ஊழியம் செய்ற பெபேயாளை ஏத்துக்கச் சொல்றார். 1 கொரிந்தியர்ல, பெண்கள் சபையில பேசாம இருக்கட்டும்னும் அவர் எழுதியிருக்கார், அதே கடிதத்துல பெண்கள் ஜெபம் பண்றப்போ, தீர்க்கதரிசனம் சொல்றப்போ முக்காடு போடணும்னும் எழுதியிருக்கார். இதை எப்படி சேர்த்துப் படிக்கிறதுன்னு சண்டை ஓயாது, உங்க குரூப் ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனா வேதத்தை உக்காந்து பேசி வர்ற முடிவு வேற, சிஸ்டருங்க வடை சுட்டுக்கிட்டிருக்கிறதால தானா நடக்குற முடிவு வேற.

சாப்பாடுன்னதும் ஞாபகம் வருது. அப்பம் பிட்குறதை சாப்பாட்டோட சேர்க்கிறது நல்ல பழக்கம் தான், 1941-ல மெட்ராஸ்ல சுவிசேஷகர் பக்த் சிங் ஆரம்பிச்ச சபைகள்ல ஆராதனை முடிஞ்சு எல்லாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடுற அன்பின் விருந்து அப்படியே வழக்கமா நின்னுச்சு. ஆனா 1 கொரிந்தியர் 11-ஐ மறந்துட்டு விருந்து வைக்காதீங்க. அவனவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிடுறான், ஒருத்தன் பசியா இருக்கான், ஒருத்தன் குடிச்சு வெறியா இருக்கான். நேரம் இருக்கிற வசதிக்காரங்க முதல்ல வந்து சாப்பிட்டிருப்பாங்க, வேலை முடிஞ்சு வர்ற கூலிக்காரனுக்கும் அடிமைக்கும் மிச்சம் மீதி. எங்க ஹால்லயும் செகண்ட் ஷிப்ட் முடிச்சு வர்ற பையனுக்கு பிரியாணியில குஸ்கா தான் மிஞ்சும், ரொம்ப நாள் யாரும் கவனிக்கவே இல்ல. நம்ம ஊர்ல இதுக்கு மேல ஒரு படி உண்டு. 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள ஜாதி வித்தியாசத்தை விட்டுடணும்னு சுத்தறிக்கை விட்டப்போ தஞ்சாவூர்லயும் வேப்பேரியிலயும் நிறைய பேர் முடியாதுன்னுட்டாங்க, ஒரே பாத்திரத்துல திருவிருந்து குடிக்கிறதே பிரச்சனை. உங்க எட்டு குடும்பமும் எந்தத் தெரு, எந்த சொந்தம்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. எல்லாரும் சொந்தக்காரங்களா இருந்தா அது குடும்ப ஒன்றுகூடல், அதுக்கு அப்போஸ்தலர் 2-ஐ இழுக்க வேண்டாம்.

பணத்துல ரெண்டு விதமா தப்பு நடக்கும். சகலமும் பொதுன்னு சொல்லி சம்பளத்தைக் கொண்டு வான்னு கட்டாயப்படுத்துறது ஒண்ணு. பேதுருவே அனனியாகிட்ட, விக்கிறதுக்கு முன்னாடி அது உன்னுடையது தானே, வித்த பிறகும் காசு உன் கையில தானே இருந்துச்சுன்னு கேக்குறார், குத்தம் பொய் சொன்னது. 155 வாக்கில ஜஸ்டின்னு ஒரு கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதுனதுலயும் விருப்பமுள்ளவங்க விருப்பப்பட்ட அளவு குடுத்தாங்க, அது திக்கற்ற பிள்ளைகள், விதவைகள், நோயாளிங்க, சிறையில இருக்கிறவங்க, அந்நியருக்குப் போச்சுன்னு இருக்கு. ரெண்டாவது, காணிக்கை வேண்டாம், கணக்கும் வேண்டாம்னு ஒருத்தர் ஜிபேயிலயே எல்லாத்தையும் விடுறது. பவுல் எருசலேமுக்கு தர்மப்பணம் அனுப்புனப்போ யாரும் குறை சொல்லக்கூடாதுன்னு கூடவே வேற ஆளுங்களையும் அனுப்புனார், 2 கொரிந்தியர் 8-ல இருக்கு. ரெண்டு பேர் எண்ணட்டும், மாசக் கணக்கு எல்லாருக்கும் போகட்டும். வெளியூர் பிரசங்கியாருக்கு தீதாகேன்னு ஒரு பழைய சபை ஒழுங்கு நூல்ல ரூல் இருக்கு, ஒரு நாள் தங்கலாம், தேவைன்னா ரெண்டு நாள், மூணாவது நாளும் தங்கினா பொய் தீர்க்கதரிசி, கிளம்புறப்போ காசு கேட்டாலும் பொய் தீர்க்கதரிசி. இதை எங்க குரூப்ல வாசிச்சப்போ சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாச்சு. ஆனா அதே நூல், உண்மையான தீர்க்கதரிசி உங்களோட தங்க வந்தா அவனுக்கு சாப்பாடு குடுங்கன்னும் சொல்லுது, அதனால முழுநேர ஊழியமே தப்புன்னு குதிக்காதீங்க.

எல்லாப் பழியையும், கிறிஸ்தவங்களுக்கு சட்டப்படி சுதந்திரம் குடுத்த ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேல போடுற வழக்கம் ஒண்ணு இருக்கு. 313 வரைக்கும் சபை சுத்தம், அவர் வந்து பிஷப்பு, கட்டடம், அங்கி எல்லாம் கொண்டு வந்து கெடுத்துட்டார்னு யூடியூப்ல பாதிப் பேர் சொல்றாங்க. அவருக்கு 200 வருஷம் முன்னாடியே அந்தியோகியா பிஷப் இக்னேஷியஸ், பிஷப் இல்லாம சபையில ஒண்ணும் செய்யாதீங்கன்னு எழுதிட்டார். துரா யூரோப்போஸ் வீடும் கான்ஸ்டன்டைனுக்கு முந்தினது. பேரரசர் வந்து நிறைய மாறுச்சு, உண்மை தான், ஆனா ஆரம்பத்துலயே பல மாதிரி இருந்துச்சு, ஒரே ப்ளூபிரிண்ட்டுன்னு தேடினா கிடைக்காது.

அந்த ப்ளூபிரிண்ட் நம்மகிட்ட மட்டும் தான் இருக்குன்னு நினைக்கிறவங்க கதி என்னன்னு, பாஸ்டர் பதவி இல்லாமலே கூடுற சகோதரர் சபை (பிரதரன்) வரலாறே சொல்லும். அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ், எக்ஸிடர்ல பல் டாக்டர், நல்ல வருமானம், எல்லாத்தையும் விட்டுட்டு 1829-ல பாக்தாத் போய், 1833-ல இந்தியா வந்தவர். குருப்பட்டம் வாங்காத விசுவாசிங்களும் சேர்ந்து அப்பம் பிட்கலாம்னு ஆரம்பத்துலயே சொன்னவங்கள்ல ஒருத்தர். நம்ம தமிழ் ஊழியர் அருளப்பன் அவரோட சேர்ந்து வேலை செஞ்சவர், 1860-ல திருநெல்வேலிப் பக்கம் வந்த எழுப்புதலோட அவர் பேர் சேர்ந்தே வரும். 1836-லயே குரோவ்ஸ், சகோதரர் சபைத் தலைவர்கள்ல ஒருத்தரான டார்பிக்கு ஒரு கடிதம் எழுதி, நமக்குள்ள இருக்கிற ஜீவனுக்கு சாட்சியா இருந்தது போய், மத்தவங்க தப்புக்கு எதிரான சாட்சியா மாறிட்டு வர்றீங்கன்னு எச்சரிச்சார். 12 வருஷம், 1848-ல சபை ரெண்டா உடைஞ்சது. பிரிவினையே வேண்டாம்னு ஆரம்பிச்சவங்க யார் திருவிருந்துல சேரலாம்கிறதுக்காக உடைஞ்சாங்க. அதனால பழைய சபையை விட்டு வந்தவங்க கூடுற இடத்துல பழைய சபையோட குறையே ஜெபக்குறிப்பு ஆகாம பாத்துக்கோங்க, முதல் ஆறு மாசம் அது தான் நம்மளை ஒட்டவைக்கிற பசை மாதிரி இருக்கும், அப்புறம் திட்ட வெளியில ஆள் இல்லைன்னா உள்ளேயே ஆள் தேடுவோம்.

கடைசியா பிள்ளைங்க. பெரியவங்க மூணு மணி நேரம் வட்டமா உக்காந்து கலந்துரையாட, பிள்ளைங்களை பெட்ரூம்ல போனோட தள்ளிடுறோம், சண்டே ஸ்கூலும் போச்சு, இதுவும் ஒட்டலை. துரோவாவுல பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசி ஐத்திகுங்கிற வாலிபன் தூங்கி மூணாம் மாடியில இருந்து விழுந்தான், பவுல் இறங்கி ஓடி அவனைக் கட்டிப்பிடிச்சார். எங்க கூட்டத்துல இப்ப முதல் நாப்பது நிமிஷம் பிள்ளைங்களோட சேர்ந்து தான், பாட்டு அவங்க சொல்றது, வசனம் அவங்க வாசிக்கிறது, கேள்வியும் அவங்க கேக்குறது. போன வாரம் ஏழு வயசுக் குட்டி ஒண்ணு, "அங்கிள், அனனியா செத்தப்போ அவங்க வீட்டம்மாகிட்ட ஏன் யாரும் சொல்லல?"ன்னு கேட்டா. மூணு மூப்பரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம், பதில் இன்னும் சொல்லலை.