அலசுவதா, கழுவுவதா? ‘ரின்ஸ்’ என்ற ஆங்கில வினைச்சொல்லைப் பழகுவது எப்படி

வாஷிங் மெஷின் முகப்பில் மூன்று சொற்கள் இருக்கும்: வாஷ், ரின்ஸ், ஸ்பின். வாஷ் எல்லோருக்கும் தெரியும். ஸ்பின் என்றால் சுற்றிப் பிழிவது என்று அது போடுகிற சத்தத்திலேயே புரிந்துவிடும். நடுவில் இருக்கிற ரின்ஸைத்தான் ‘இன்னொரு வாஷ் போல’ என்று விட்டுவிடுகிறோம். அப்புறம் ஆங்கிலத்தில் பேசும்போது அரிசிக்கும் வாஷ், பாட்டிலுக்கும் வாஷ், வாய்க்கும் வாஷ்.

கேட்பவருக்குப் புரிந்துவிடும், அதனால் பெரிய தப்பில்லை. ஆனால் தமிழில் நாம் எவ்வளவு கறாராக இருக்கிறோம் பாருங்கள். துணியைத் துவைக்கிறோம், பாத்திரம் விளக்குகிறோம், அரிசி களைகிறோம், வாய் கொப்பளிக்கிறோம், கை கழுவுகிறோம். ‘அரிசியைத் துவைத்தேன்’ என்று யாராவது சொன்னால் சிரிக்காமல் இருப்போமா? அந்தக் காதை அப்படியே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனால் போதும், பாதி வேலை முடிந்தது.

படி 1: சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்

ரின்ஸ் என்றால் வெறும் தண்ணீரில், அழுத்தித் தேய்க்காமல், அழுக்கையோ சோப்பையோ போக்குவது. நம் ‘அலசு’ இதற்கு ஏறக்குறைய இரட்டைப் பிள்ளை. சோப்புப் போட்டுத் தேய்க்கும் வரை வாஷ், அந்த நுரை போகத் தண்ணீரில் முக்கி எடுப்பது ரின்ஸ். நினைவில் வைக்க ஒரு குறுக்குவழி: ரின் சோப்புப் போட்ட பிறகு வருவது ரின்ஸ்.

உச்சரிப்பில் ஒரு சங்கதி. இறந்தகாலம் ‘ரின்ஸ்ட்’. கடைசி ட் லேசாக ஒட்டினால் போதும். ‘ரின்செட்’ என்று இழுக்க வேண்டாம்.

இரட்டைப் பிள்ளைகளுக்குள்ளும் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் பிரச்சினையையும் அலசுவோம், தேர்தல் முடிவையும் அலசுவோம். ஆங்கிலத்தில் அது நடக்காது. ‘ரின்ஸ் த ப்ராப்ளம்’ என்றால் எதிரில் இருப்பவர் விழிப்பார்.

படி 2: பொருளா, அழுக்கா?

இந்தப் பாடத்தில் முக்கியமான இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

‘ரின்ஸ் த ரைஸ்’ என்றால் அரிசியைக் களை. இங்கே வினைச்சொல்லுக்குப் பின்னால் வருவது சுத்தமாக வேண்டிய பொருள். சமையல் குறிப்புகளில் ‘ரின்ஸ் அன்டில் த வாட்டர் ரன்ஸ் க்ளியர்’ என்று எழுதியிருப்பார்கள். களைந்த தண்ணீர் வெள்ளையாக இல்லாமல் தெளிவாக வரும் வரை என்று பொருள்.

‘ரின்ஸ் ஆஃப் த சோப்’ என்றால் சோப்பு போகும்படி அலசு. இங்கே பின்னால் வருவது போக வேண்டிய பொருள். மேற்பரப்பில் ஒட்டியிருப்பதைப் போக்கினால் ‘ஆஃப்’: கையில் மண், முகத்தில் நுரை, காலில் கடற்கரை மணல். இந்த ‘ஆஃப்’ விட்டுப்போனால், சோப்புக் கட்டியையே எடுத்து அலசச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

உள்ளே குழிவாக இருப்பதை அலசினால் ‘அவுட்’: டம்ளர், பாட்டில், டிபன் பாக்ஸ், வாய். தண்ணீர் உள்ளே போய்ச் சுழன்று வெளியே வருகிறதல்லவா, அதுதான் அவுட். ‘ரின்ஸ் அவுட் யுவர் மவுத்’ என்றால் வாய் கொப்பளி. பல் மருத்துவர் ‘ரின்ஸ்’ என்று ஒற்றைச் சொல்லில் சொல்வதும் இதைத்தான். தொண்டை வரை தண்ணீரை விட்டு களகளவென்று சத்தம் எழுப்பினால் அது ரின்ஸ் இல்லை, கார்கிள். தமிழில் இரண்டுக்குமே கொப்பளிப்புதான் என்பதால் இங்கே சறுக்குபவர்கள் அதிகம். துணியில் இருந்து கறை வெளியேறுவதற்கும் அவுட்தான் வரும்.

தலைச்சாயப் பெட்டியின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு ரின்ஸ் செய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். வாஷ் என்று நினைத்து சோப்பைத் தேடிக்கொண்டு போகக் கூடாத இடம்.

படி 3: உடன்பிறப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

அழுத்தித் தேய்த்தால் ஸ்க்ரப். தேங்காய் நாரும் சபீனாவும் வைத்துப் பாத்திரம் விளக்குகிறோமே, அது. இன்னும் பலமாக, அடிப்பிடித்த கருப்பு போகச் சுரண்டித் தேய்த்தால் ஸ்கவர். ஊறப்போட்டால் சோக். ஈரத்துணியாலோ காய்ந்த துணியாலோ துடைத்தால் வைப். தரையை நீளக் கம்பால் துடைத்தால் மாப். கழிவறையில் தண்ணீரை வேகமாக அடித்துத் தள்ளினால் ஃப்ளஷ்.

லாண்டர் என்ற சொல்லும் இருக்கிறது. துவைத்து இஸ்திரி போடுவது வரை அதில் அடங்கும், நம் ‘சலவை’ போல. வீட்டுப் பேச்சில் யாரும் ‘ஐ லாண்டர்ட் மை ஷர்ட்’ என்பதில்லை. ‘டூயிங் த லாண்டரி’ என்பார்கள்.

படி 4: வாஷில் இருக்கும் பள்ளங்கள்

‘வாஷ் அப்’ என்பதில் நானே விழுந்திருக்கிறேன். ஒரு ஆங்கிலேயர் வீட்டில் விருந்து. சாப்பிட்டு முடித்ததும் அந்த வீட்டம்மா ‘ஷல் வி வாஷ் அப்?’ என்றார். நானும் மரியாதையாக எழுந்துபோய்க் கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவர் சமையலறையில் தனியாகத் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரிட்டிஷ் வழக்கில் வாஷ் அப் என்றால் சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவுவது. அமெரிக்காவில் அதே சொல்லுக்குக் கைமுகம் கழுவுவது என்று பொருள். ஊர் தெரியாமல் வாய் திறக்கக் கூடாத சொல்.

இன்னொன்று, ‘ஹெட் பாத்’. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தேன் என்பதை ‘ஐ டுக் எ ஹெட் பாத்’ என்று நாம் சொல்வது இந்திய ஆங்கிலம். நமக்குள் நன்றாகவே ஓடும், வெளியூர்க்காரருக்குப் புரியாது. அவர்களிடம் ‘ஐ வாஷ்ட் மை ஹேர்’.

படி 5: தண்ணீர் இல்லாமல் கழுவுவது

ஷாம்பு பாட்டிலில் நுரைக்க வை, அலசு, மறுபடி செய் என்று போட்டிருப்பதில் இருந்து வந்தது ‘ரின்ஸ் அண்ட் ரிபீட்’. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் கொஞ்சம் சலிப்போடு சொல்லும்போது வரும். பிரிட்டிஷ் கொச்சையில் விளையாட்டில் ஒருவரைத் துவைத்து எடுத்தால் ‘ரின்ஸ்ட்’ என்பார்கள். நாம் துவைக்கிற இடத்தில் அவர்கள் அலசுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு விஷயத்தை இனி நமக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டால் தமிழில் கைகழுவிவிட்டான் என்கிறோம். ஆங்கிலத்திலும் ‘வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் இட்’ உண்டு. இந்த ஆஃபுக்கு ஒரே ஒரு எஃப்தான் (of), படி 2இல் பார்த்தது வேறு (off). இயேசுவின் வழக்கில் ரோமானிய ஆளுநர் பிலாத்து ‘இதில் எனக்குப் பொறுப்பில்லை’ என்று கூட்டத்தின் முன் கை கழுவிய காட்சி மத்தேயு நற்செய்தியில் வருகிறது, அதுதான் இதன் பின்னணி.

கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவது மணி லாண்டரிங். 2002இல் இந்தியாவில் வந்த தடைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. பிரெயின்வாஷ் 1950இல் எட்வர்ட் ஹண்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரால் பரவியது. ‘மூளையைக் கழுவு’ என்று பொருள்படும் சீனச் சொல்லை ஒட்டி வந்தது. தமிழுக்கு வந்தபோது கழுவலை விட்டுவிட்டு மூளைச்சலவை என்று ஆக்கிக்கொண்டோம். யார் ஆக்கினாலும் நல்ல காது அவருக்கு.

படி 6: இன்று இரவே பழகுங்கள்

சமையலறையில் நின்றுகொண்டு இந்த நான்கையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். கீழே பார்க்காமல்.

முகத்தில் இருக்கும் சோப்பைக் கழுவு. ஃப்ளாஸ்கை வெந்நீர் ஊற்றி அலசி வை. அடிப்பிடித்த பால் பாத்திரத்தை ஊறப்போட்டிருக்கிறேன். துணியைத் துவைத்துவிட்டேன், இன்னும் அலசவில்லை.

சரி, விடைகள். முதலாவது ‘ரின்ஸ் த சோப் ஆஃப் யுவர் ஃபேஸ்’. தமிழில் கழுவு என்று இருந்தாலும் வேலை அலசல்தான். இரண்டாவது ‘ரின்ஸ் அவுட் த ஃப்ளாஸ்க் வித் ஹாட் வாட்டர்’. மூன்றாவது ‘ஐ ஹேவ் லெஃப்ட் த மில்க் பேன் டு சோக்’. நான்காவது ‘ஐ ஹேவ் வாஷ்ட் த க்ளோத்ஸ், பட் ஐ ஹேவன்ட் ரின்ஸ்ட் தெம் யெட்’. எல்லாவற்றுக்கும் வாஷ் போதும் என்பவர்கள் இந்த நான்காவதை மட்டும் சொல்லிப் பார்க்கட்டும். துணியைத் துவைத்துவிட்டேன், இன்னும் துவைக்கவில்லை என்று வரும்.