நேரே இருபத்திரண்டாம் வசனத்துக்குத் தாவாதீர்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது, "இந்த வருஷம் எப்படியும் தினமும் ஜெபிக்கணும்" என்று பலர் தீர்மானம் எடுக்கிறார்கள். பாளையங்கோட்டையிலும் சரி, மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் பக்கத்து ஊர்களிலும் சரி, வருஷா வருஷம் இது நடக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் தொடங்குவதற்குள், ஜெபத்துக்கென்று புதிதாய் வாங்கின நோட்டு அலமாரிக்குப் போய்விடுகிறது. சோம்பல்தான் காரணம் என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு தொடங்கிய விதத்தில் இருக்கிறது.

ஜெபத்தில் தூங்கிவிடுவது, நடுவில் போனைப் பார்ப்பது போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை; அவற்றை விட்டுவிடுகிறேன். துக்கத்தோடோ கடனோடோ நோயோடோ ஆறுதல் தேடி உட்காருகிறவர்கள் செய்கிற தவறுகள் வேறு. நாங்களும் ஒரு காலத்தில் செய்தவைதான் என்பதால், தூரத்தில் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

நாலு மணி அலாரம்

"எங்க தாத்தா மூணரைக்கே எழுந்து முழங்கால்ல நிப்பாவ" என்று சொல்லி, பேரனும் நாலு மணிக்கு அலாரம் வைக்கிறான். தாத்தா பனையேறியவர். வெயிலுக்கு முன்னே மரத்தடிக்குப் போயாக வேண்டும், அதனால் இரவு எட்டு மணிக்கே படுத்தார். பேரன் படுப்பது பதினொன்றரைக்கு. நாலாம் நாள் அலாரம் அடிக்கும்போது கை தானாகப் போய் அதை அணைக்கிறது. அதோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது.

பதினைந்து நிமிஷம் போதும். பேசாமல் உட்கார 2, வாசிக்க 5, எழுத 3, ஜெபிக்க 5. கடிகார நேரத்தோடு கட்டாமல், ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு கட்டுங்கள். பால் காய்ச்சி இறக்கியவுடன், குழாயில் தண்ணீர் பிடித்து முடித்தவுடன், பீடித் தட்டை மடியில் எடுத்து வைப்பதற்கு முன். அந்த வேலை எப்படியும் நடக்கும், அதன் பின்னாலேயே ஜெபமும் வந்துவிடும். இடமும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு பாய், ஒரு மூலை, அங்கேயே வேதாகமமும் நோட்டும் பேனாவும். பேனாவைத் தேடி எழுந்தால் அன்றைக்கு ஜெபம் போனதுதான்.

நேரே 22-க்குத் தாவுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இன்றைக்கும் பார்க்கும்போதெல்லாம் மனசு பொறுக்காத தவறு இது.

வேதாகமத்தில் புலம்பல் புத்தகம் 3-ம் அதிகாரம் 22, 23 வசனங்கள் நம் ஊரில் தெரியாத வீடு இல்லை. ஆண்டவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவை காலைதோறும் புதியவை என்று சொல்கிற வசனங்கள். காலண்டரில் இருக்கும், ஆட்டோவின் பின்னால் இருக்கும், சட்டம் போட்டு வாசல் நிலைக்கு மேல் மாட்டியிருக்கும். காலை ஜெபம் தொடங்குகிறவர்கள் முதலில் எடுப்பதும் இதைத்தான். இரண்டு வசனத்தை வாசித்து, ஸ்தோத்திரம் சொல்லி எழுந்துவிடுகிறார்கள். மூன்றாவது வாரத்தில் வந்து, "வசனம் மனசுல ஒட்டவே மாட்டேங்கு, எனக்கு விசுவாசம் போயிட்டோ?" என்று கேட்கிறார்கள். அதே அதிகாரத்தின் முதல் 20 வசனங்களை வாசித்ததுண்டா என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

அந்த இருபதில் என்ன இருக்கிறது? கூப்பிட்டுக் கெஞ்சியும் தன் ஜெபத்துக்கு வழி அடைபட்டுப் போனதாக 8-ம் வசனத்தில் ஒருவன் சொல்கிறான். தன்னைக் கசப்பால் நிரப்பினதாக 15-ல் சொல்கிறான். பருக்கைக் கல்லைக் கடித்துப் பல் நொறுங்கினதாக 16-ல் சொல்கிறான். இதையெல்லாம் செய்தவர் ஆண்டவர்தான் என்று மறைக்காமல் சொல்கிறான். வேதாகமத்தில் இது இருக்கிறது, யாரும் வெட்டி எடுக்கவில்லை.

புத்தகம் கட்டப்பட்டிருக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். கி.மு. 6-ம் நூற்றாண்டில் எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்து அழிந்ததைப் பற்றிய ஐந்து பாடல்கள் இவை. எபிரெய எழுத்துகள் 22. அதனால் 1, 2, 4, 5 அதிகாரங்களில் 22 வசனங்கள். நடுவில் உள்ள 3-ம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66. முதல் நாலும் அகரவரிசைப் பாட்டுகள். நம் கணக்கில் சொன்னால், அனாவில் தொடங்கி கடைசி எழுத்து வரைக்கும் அழுது தீர்க்கிற பாட்டு. ஒரு எழுத்தையும் தாண்டிப் போகவில்லை. காலைதோறும் புதியவை என்கிற வரி அந்த அழுகையின் நடுவில் வருகிறது. வந்த பிறகும் அழுகை நிற்கவில்லை. 49-ம் வசனத்தில் கண் ஓய்வில்லாமல் மறுபடியும் சொரிகிறது.

20 வசனங்களைத் தாண்டி 22-ஐ மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? வாய் ஒன்று சொல்லும், நெஞ்சு வேறொன்று சொல்லும். ஆண்டவருக்கு முன்னால் நல்ல முகம் காட்டப் பழகிவிடுவோம். கொஞ்ச நாளில் அந்த மூலைக்குப் போய் உட்காரவே மனசு வராது, ஏனென்றால் அங்கே உண்மை பேச இடமில்லை.

துக்க வீட்டில் இந்தத் தவறை நாமே கற்றுக்கொடுக்கிறோம். கணவரைப் பறிகொடுத்த ஒரு அக்கா. அடக்க ஆராதனை முடிந்து வந்த மூன்றாம் நாளே, "அழாதீய மைனி, அவிய ஆண்டவர்ட்ட இருக்காவ, நீங்க அழுதா சாட்சி கெட்டுரும்" என்று வருகிறவர்களெல்லாம் சொன்னார்கள். அந்த அக்காவும் அழுகையை அடக்கினார்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனார்கள், கீர்த்தனை பாடினார்கள். வீட்டில் தனியே ஜெபிக்க மட்டும் ஏழெட்டு மாசமாக முடியவில்லை. புலம்பல் 3-ஐ முதல் வசனத்திலிருந்து வாசித்து, தொண்டை அடைக்கிற இடத்தில் நிறுத்தி, வீட்டில் பேசுகிற பாஷையிலேயே எழுதச் சொன்னபோது அவர்கள் நோட்டில் எழுதியது இது:

"ஆண்டவரே, இன்னைக்கும் ரெண்டு பேருக்குள்ள புளிய ஊறப்போட்டுட்டேன். பாதிய எடுத்து வச்சேன். தூரப் போட மனசு வரல. எங்க வைக்கன்னும் தெரியல. நீரு ஏன் இப்படிச் செஞ்சீரு?"

இதுதான் ஜெபம். இலக்கணமான ஜெபத் தமிழில் "சமாதானம் தந்தருளும் கர்த்தாவே" என்று மாசக்கணக்கில் சொல்லியும் அசையாத ஒன்று இந்த நாலு வரியில் அசைந்தது.

செய்கிற விதம் இப்படி. நோட்டில் தேதி போடுங்கள். 1 முதல் 20 வரை வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள், நாலைந்து நிமிஷம் ஆகும். எந்த வசனத்தில் மூச்சு தட்டுகிறதோ அதன் எண்ணை மட்டும் குறியுங்கள். அதன் கீழே உங்கள் காரியத்தை இரண்டிலிருந்து நாலு வரிக்குள் எழுதுங்கள். "துன்பம்", "பாரம்" என்று பொதுவாக எழுதாமல், புளி, மருந்துச் சீட்டு, வட்டிக்காரர் வருகிற கிழமை என்று கண்ணால் பார்க்கிற ஒரு பொருளாவது அதில் இருக்கட்டும். ஒரே ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். அதன் பிறகு 21 முதல் 26 வரை வாசியுங்கள். அன்றைக்கு 22 உள்ளே இறங்காவிட்டால் இறங்கவில்லை என்றே எழுதிவிட்டு எழுந்திருங்கள்.

நீளமாக இருக்கிறது என்றால் சங்கீதம் 13 எடுக்கலாம். ஆறே வசனம். முதல் இரண்டும் முறையீடு, "எதுவரைக்கும்" என்று நாலு தரம் கேட்கிறது. அடுத்த இரண்டும் விண்ணப்பம். கடைசி இரண்டும் நம்பிக்கை. நம்பிக்கை என்கிற வார்த்தையே வாயில் வராத நாளும் உண்டு. அன்றைக்கு சங்கீதம் 88. பதினெட்டு வசனங்களும் கடந்து இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. அதுவும் ஜெபப் புத்தகத்தில் சேர்ந்ததுதான்.

அட்டையை ஜோசியமாக்குவது

மேலே சொன்னதற்கு உடன்பிறந்த தவறு. வாக்குத்தத்தப் பெட்டியிலிருந்து எடுத்தது எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் என்று வருகிற வசனம். அரசு வேலைத் தேர்வு எழுதுகிற தம்பி இந்த வருஷம் வேலை உறுதி என்று எடுத்துக்கொள்கிறான். பட்டியலில் பெயர் வராதபோது தேர்வு மட்டும் போகவில்லை, ஆண்டவர் தன்னிடம் சொன்ன வார்த்தையும் பொய்த்துவிட்டதாக உடைந்துபோகிறான்.

அந்த வசனம் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் உள்ளது. முந்தின வசனமே எழுபது வருஷம் என்று சொல்கிறது. 5 முதல் 7 வரை வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று வருகிறது. காத்திருக்கிற காலத்தில் எப்படி வாழ வேண்டும் என்பதைத்தான் கடிதம் முதலில் சொல்கிறது. இதை முழுக்க வாசித்திருந்தால் அந்தத் தம்பிக்கு முடிவு வந்த நாளிலும் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

அட்டையை வாங்குங்கள், சுவரில் மாட்டுங்கள். அதற்கு முன் அந்த வசனத்துக்கு மேலே பத்து, கீழே பத்து வாசித்து, யார் யாரிடம் எந்த நிலைமையில் சொன்னது என்று அட்டையின் பின்பக்கம் ஒரு வரி எழுதுங்கள்.

தவறவிட்ட நாளைச் சேர்த்து வாசிப்பது

வேண்டாம். பழைய ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்கு, காலை மாலை என 60 பங்காகப் பிரித்திருக்கிறார்கள். 12-ம் தேதி விட்டுப்போனால் 13-ம் தேதிப் பங்கை வாசிக்க வேண்டியதுதான். விட்டது அடுத்த மாதம் தானாக வரும். 31-ம் தேதி இருக்கும் மாதத்தில் 30-ம் நாளின் பங்கையே திரும்ப வாசிப்பது வழக்கம். அஞ்சு நாள் பாக்கியை ஒரே மூச்சில் வாசிக்கிறவர் ஆறாம் நாள் வருவதில்லை.

கவலையை மெல்லுவதைத் தியானம் என்று நினைப்பது

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கண் மூடியிருக்கும், உதடு அசையாது. உள்ளே ஒரே கேள்வி செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். நோட்டு இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்: மூன்று நாள் தொடர்ந்து ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தால் அது மெல்லுவது. நாலாம் நாள் "ஏன்" என்ற கேள்வியை ஒதுக்கிவைத்து, "இன்றைக்கு நான் செய்யக்கூடிய ஒன்று என்ன?" என்று மட்டும் எழுதுங்கள். பதில் ஒரு போன் பேச்சாகவோ, வங்கிக்குப் போவதாகவோ, சபைப் போதகரான ஐயரிடம் மனம்விட்டுப் பேசுவதாகவோ இருக்கலாம்.

ராத்திரிக்கு, 16-ம் நூற்றாண்டில் புனித இஞ்ஞாசியார் ஒழுங்குபடுத்திய ஆன்ம சோதனை முறை கைகொடுக்கும். நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, அன்றைக்கு நடந்ததைக் காலையிலிருந்து வரிசையாக நினைத்துப் பார்ப்பது, தவறினதற்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம் எடுப்பது என ஐந்து படி. கத்தோலிக்க வீடுகளில் பழக்கமானது, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டுக்காரர்கள் அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை. பத்து நிமிஷத்தைத் தாண்ட விடாதீர்கள். நடந்ததை நினைத்துப் பார்க்கும் படியில் எட்டு மணி, பத்து மணி என்று நேரம் நேரமாகப் போனால் மனசு ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளாது.

குடும்ப ஜெபத்தில் பிள்ளையைத் திட்டுவது

"ஆண்டவரே, இவன் படிக்கவே மாட்டேங்கான், நீரே இவனுக்குப் புத்தியக் கொடும்." அம்மா கண்ணை மூடிச் சொல்கிறாள். பிள்ளை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். குற்றத்தை நேரில் சொன்னால் அவன் பதில் பேசலாம். ஜெபத்தில் சொன்னால் பேச முடியாது. எட்டு மணி ஜெபம் என்றாலே அவனுக்கு விசாரணைதான் நினைவுக்கு வரும்.

பிள்ளை முதலில் ஜெபிக்கட்டும், ஒரு வரியானாலும் சரி. கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும், ஒரு சிறு பகுதி, மொத்தம் எட்டு நிமிஷம். யார் பெயரைச் சொன்னாலும் குறையைச் சொல்லாதீர்கள்.

மாத்திரையை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ மருத்துவர் கொடுத்ததை, ஜெபம் தொடங்கியாயிற்று என்று ஒரு நாளும் நீங்களாக நிறுத்தக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் மனசு செல்லாமல் இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசு நடத்தும் இலவச எண், இரவும் பகலும் எடுப்பார்கள்.

எழுதின பக்கத்தைக் கிழிப்பது

கொஞ்சம் தேறினவுடன், "இப்படியெல்லாமா ஆண்டவரைக் கேட்டேன்" என்று கூச்சப்பட்டுப் பழைய பக்கங்களைக் கிழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். புலம்பலைத் தொகுத்தவர்கள் 22-ம் வசனம் கிடைத்தபின் முதல் இருபதைக் கிழிக்கவில்லை. நோட்டு முடிந்ததும் அட்டையில் தொடங்கின தேதியையும் முடித்த தேதியையும் எழுதி, வேதாகமத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வருஷம் திரும்பி நினைவு நாள் ஜெபத்துக்கு ஐயர் வீட்டுக்கு வருகிற அன்று, எல்லாரும் கிளம்பிப் போனபின், புளியைப் பற்றி எழுதின பக்கத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். அழுகை வந்தால் அதன் கீழே அன்றைய தேதியைப் போட்டு, 3:49 என்று குறித்துக்கொள்ளுங்கள்.