இலகு ரைஃபிள்: எடை எங்கே குறைந்திருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்

மேடு பள்ளத்தில் நாள் முழுக்க நடந்து வேட்டையாடுகிறவருக்கு அரைக் கிலோ குறைந்தாலும் சாயங்காலம் தோளுக்குத் தெரியும். அதனால் இலகு ரைஃபிள் மேல் ஆசை வருவது நியாயம்தான், எனக்கும் உண்டு. ஆனால் சுமப்பது ஒரு வேலை, சுடுவது வேறு வேலை. பலர் முதல் வேலையை மட்டும் நினைத்து வாங்கிவிடுகிறார்கள். குறி தவறி விலங்கு காயத்தோடு ஓடிப்போனால், மிச்சம் பிடித்த எடைக்கு என்ன அர்த்தம்?

விளம்பரத்தில் போட்டிருக்கும் எடையை நம்பிக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. 2.5 கிலோ என்றால் அது பெரும்பாலும் வெறும் ரைஃபிள். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), அதை மாட்டும் வளையங்கள், தோள்வார், தோட்டாக்கள் எல்லாம் ஏறியதும் 3.2 கிலோவைத் தாண்டிவிடும். ஸ்டாக்கில், அதாவது குழலைத் தாங்கித் தோளில் பதியும் கட்டையில், 300 கிராம் குறைக்கப் பெரும் பணம் செலவழித்துவிட்டு, மேலே 700 கிராம் ஸ்கோப்பை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குறைத்த எடை அப்படியே திரும்பி வந்துவிடுகிறது, அதுவும் உச்சியில் உட்கார்ந்து ரைஃபிளைப் பக்கவாட்டில் சாய்க்கிறது.

அடுத்தது தோட்டா. ஒரே தோட்டாவை 3.5 கிலோ ரைஃபிளிலும் 2.5 கிலோ ரைஃபிளிலும் சுட்டால், இரண்டாவதில் பின்னுதையின் ஆற்றல் சுமார் 40 சதவீதம் கூடுதல். இலகு ரைஃபிளில் மேக்னம் என்ற அதிக வலுவுள்ள தோட்டா போடுகிறவர் இதைத்தான் மறக்கிறார். நாலு சூடு வாங்கியதும் உடம்பு பயந்துவிடும்: விசையை இழுக்கும் முன்பே கண் மூடும், தோள் சுருங்கும். வின்செஸ்டர் நிறுவனம் 1952-இல் மாடல் 70 ஃபெதர்வெயிட் என்ற இலகு ரைஃபிளைக் கொண்டுவந்தபோது, அதே ஆண்டு அறிமுகமான அளவான தோட்டாவான .308-ஐத்தான் அதற்குக் கொடுத்தது. இன்றைக்கு 7 எம்எம்-08 ரெமிங்டன், 6.5 கிரீட்மூர் போன்ற தோட்டாக்கள் இன்னும் மென்மையாக உதைக்கும், மான் வேட்டைக்குத் தாராளமாகப் போதும். குழல் முனையில் பிரேக் (வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துண்டு) மாட்டினால் உதை குறையும் என்பது உண்மை. ஆனால் சத்தம் பக்கத்தில் நிற்பவர் காதையும் சேர்த்துக் கெடுக்கும்.

சரி, ஸ்டாக்குக்கு வருவோம். அதிகமானோர் ஏமாறும் இடம் இதுதான். பிளாஸ்டிக் என்றாலே இலகு என்று நினைக்கிறார்கள். அச்சில் வார்த்த மலிவான பிளாஸ்டிக் ஸ்டாக் பல நேரம் வால்நட் மர ஸ்டாக்கின் எடையை நெருங்கிவிடும். அதோடு முன்பகுதி வளையும். வீட்டிலேயே சோதிக்கலாம். ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதை முதலில் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு தாள் துண்டை மடித்துக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே நுழைத்துப் பின்னோக்கி இழுங்கள். தடங்கல் இல்லாமல் போகிறதா? இப்போது முன்பகுதியைக் குழலோடு சேர்த்துக் கையால் அழுத்திக்கொண்டு மறுபடி இழுங்கள். தாள் மாட்டினால், கல் மேலோ இருகால் தாங்கி மேலோ சாய்த்துச் சுடும்போதும் ஸ்டாக் குழலைத் தொடும், குண்டு போய்ச் சேரும் இடம் மாறும். குழல் தனித்து நிற்கும்படி செய்த ரைஃபிளுக்கு இந்தச் சோதனை மிக முக்கியம்.

கார்பன் ஃபைபரிலோ கெவ்லாரிலோ செய்த நல்ல ஸ்டாக் எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருக்கும், விலைதான் கடிக்கும். மரம் அழகு, ஆனால் ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும். ஒட்டு மரம் அப்படி மாறாது, ஆனால் கனம். எதுவாக இருந்தாலும், தோட்டாவை ஏற்றிச் சுடவைக்கும் உலோகப் பகுதியான ஆக்‌ஷன் ஸ்டாக்குக்குள் அசையாமல் உட்கார வேண்டும். அது சரியில்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை.

அப்புறம், ஸ்டாக் உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா? விசையிலிருந்து பின்முனை வரை உள்ள நீளம் வழக்கமாக 34, 35 சென்டிமீட்டர். கனமான குளிர் உடை போட்டால் அதுவே நீளமாகிவிடும். வேட்டைக்குப் போடும் உடையிலேயே சோதியுங்கள்: கண்ணை மூடி ரைஃபிளைத் தோளுக்கு எடுத்து, கன்னத்தை வைத்துக் கண் திறங்கள். ஸ்கோப் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தலையைத் தூக்கித் தேட வேண்டியிருந்தால் ஸ்டாக்கின் மேல்விளிம்பு உங்களுக்குத் தாழ்வு. முன்னே நகர்ந்து தேட வேண்டியிருந்தால் ஸ்கோப் தள்ளி இருக்கிறது அல்லது ஸ்டாக் நீளம். அப்படியே கண்ணை ஸ்கோப்புக்கு அருகில் கொண்டுபோய்ச் சுட்டால், பின்னுதையில் புருவம் கிழியும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 சென்டிமீட்டராவது இடைவெளி விடும் ஸ்கோப்பாகப் பாருங்கள்.

விசையைப் பலர் கவனிப்பதே இல்லை. 2.5 கிலோ ரைஃபிளில் 2.5 கிலோ அழுத்தம் கேட்கும் விசை இருந்தால், இழுக்கும்போதே ரைஃபிள் ஆடிவிடும். சுமார் 1.2 கிலோ அழுத்தத்தில் சுத்தமாக விடுபட்டால் நல்லது. அதற்கும் மிகக் கீழே போவது குளிரில் விறைத்த விரலுக்கு ஆபத்து.

மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறும், தொடர்ந்து பத்து சூடு சுட்டுவிட்டுக் குறி சிதறுகிறது என்று புலம்புவது அதற்குச் செய்யும் அநியாயம். மூன்று சூடு சுடுங்கள், கையால் தொட்டுப் பார்த்து ஆறும்வரை விடுங்கள், பிறகு அடுத்த மூன்று. சுடும்போது முன்பகுதியை மேசை மேல் சும்மா விடாமல் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், இலகு ரைஃபிள் அந்தப் பிடியில்தான் ஒரே மாதிரி சுடும். வேட்டையில் முக்கியமானது ஆறிய குழலிலிருந்து போகும் முதல் குண்டு, அதனால் வெவ்வேறு நாட்களில் அந்த ஒரு குண்டு மட்டும் எங்கே விழுகிறது என்று குறித்து வையுங்கள்.