வாரம் ஒரு ஊசி: மதுரை வெயிலில் மருந்துப் பேனாவைக் கையாளும் முறை

சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் வாரம் ஒரு முறை போடும் டிர்செபடைட், செமாக்ளூடைட் ஊசிகளை இப்போது நம்மூர் டாக்டர்களும் எழுதுகிறார்கள். டிர்செபடைட் ஊசியான மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் செமாக்ளூடைட் ஊசியான வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. சீட்டைக் கையில் வாங்கியபின் வீட்டில் போட்டுக்கொள்ளப்போவது நாம்தான். முதல் தடவை போடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டாலோ டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இந்த ஊசியும் சேரும்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். அந்த மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்கள் விழித்திரையையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு சிலருக்குக் கூடுகிறது. அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் இதைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை.

வாங்கி வருவதும் வைப்பதும்

நான் அதிகம் கவலைப்படுவது இங்கேதான். பேனா என்பது மருந்து நிரப்பிய, பேனா வடிவ ஊசிக் கருவி. திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வண்டிப் பெட்டிக்குள் அரை மணி நேரம் கிடந்தால் என்ன சூடு ஏறும் என்று உங்களுக்கே தெரியும். கடையில் ஐஸ் ஜெல் பை கேட்டு வாங்குங்கள். பேனாவை ஒரு துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வையுங்கள். பில்லும் கட்டாயம் வாங்குங்கள், போலி மருந்துக்கு அதுதான் முதல் தடுப்பு.

வீட்டு ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் வையுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்கு ஒட்டிய மேல்தட்டு வேண்டாம். ஒரு முறை உறைந்த மருந்து உருகினாலும் பயன்படாது, அதைப் போடவே கூடாது. திறந்த பேனா சில வாரம் 30 டிகிரிக்குள் வெளியே இருக்கலாம் என்று தாளில் போட்டிருப்பார்கள். கோடையில் நம் அறைகள் 30க்குள் நிற்பதில்லை. அதனால் திறந்ததையும் ஃபிரிட்ஜிலேயே வைப்பது நல்லது.

போடும் நாள்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்து தெளிவாக இருக்கிறதா பாருங்கள். புது ஊசிமுனையைத் திருகி, வெளிமூடி, உள்மூடி இரண்டையும் கழற்றுங்கள். நுனியில் ஒரு சொட்டு வருகிறதா என்று பார்க்கும் முறை பேனாவுக்குப் பேனா மாறும். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள். அப்புறம் டாக்டர் சொன்ன அளவுக்குத் திருப்புங்கள்.

வயிற்றில் என்றால் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, இல்லையென்றால் தொடையில். நேராகக் குத்தி, பொத்தானை முழுக்க அழுத்தி, அழுத்தியபடியே ஆறு வரை நிதானமாக எண்ணிவிட்டு எடுங்கள். அடுத்த வாரம் இடத்தை மாற்றுங்கள். பேனாவைக் கணவன் மனைவிகூடப் பகிரக் கூடாது, முனையை மாற்றினாலும்தான்.

அளவு: வழக்கமாக டிர்செபடைட் 2.5 மில்லிகிராம், செமாக்ளூடைட் 0.25 மில்லிகிராம் என்று முதல் நான்கு வாரம் போகும். இது உடலைப் பழக்கும் அளவு. எடை குறையவில்லையே என்று நீங்களாகக் கூட்டாதீர்கள்; வாந்திதான் மிஞ்சும்.

சாப்பாடு

குமட்டல், மலச்சிக்கல் ஆரம்பத்தில் சகஜம். ராத்திரி பரோட்டா சால்னா, கறி தோசை இவைதான் குமட்டலைக் கிளப்பும். குறைவாகச் சாப்பிடுங்கள், ஆனால் முட்டை, மீன், சுண்டல் தட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். வெயில் நாளில் வாந்தியும் சேர்ந்தால் உடல் வறண்டு சிறுநீரகம் வரை பாதிக்கும். தண்ணீரும் மோரும் அடிக்கடி குடியுங்கள். மேல்வயிற்றில் கடும் வலி வந்து முதுகுக்குப் பரவினால் அடுத்த ஊசியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போட்ட பிறகு

ஊசிமுனையைப் பேனாவிலேயே விட்டு வைக்காதீர்கள். கழற்றி, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுங்கள். டப்பா நிறைந்ததும் உங்கள் ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டு அங்கே கொடுங்கள். குப்பைப் பையில் போட்டால் அது தூய்மைப் பணியாளரின் கையில்தான் குத்தும்.