தலையில் அடிபட்ட பின் வரும் அசதியும் தூக்கக் குழப்பமும்: படிப்படியாக மீள்வது எப்படி

ஸ்கூட்டர் மணலில் சறுக்கி விழுந்தேன். ஹெல்மெட் அணிந்திருந்ததால் ரத்தக் காயம் இல்லை; சி.டி. ஸ்கேனிலும் குறை எதுவும் தெரியவில்லை. லேசான மூளையதிர்ச்சி என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் காலை குக்கரை ஏற்றிவிட்டு விசிலை எண்ணிக்கொண்டு நின்றேன். வந்தது இரண்டாவதா மூன்றாவதா என்று பிடிபடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன், எழத் தெம்பில்லை. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அன்றிரவு இரண்டு மணிவரை கண் மூடவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கும், அவர்களைப் பார்த்து “ஆள் நன்றாகத்தானே இருக்கிறாய்” என்று கேட்கும் வீட்டாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும் ஸ்கேன் காட்டும். மூளையணுக்கள் படும் பாடு அதில் தெரியாது. மோதிய வேகத்தில் அணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, சோடியமும் கால்சியமும் உள்ளே புகுகின்றன. எல்லாவற்றையும் பழையபடி இடம் மாற்ற ஏராளமான சக்தி தேவை. அந்த நேரம் பார்த்து மூளைக்கு வரும் ரத்த ஓட்டமும் குறைகிறது. செலவு கூடி வரவு குறைந்த குடும்பத்தின் நிலைதான். அசதி அங்கிருந்து வருகிறது, சோம்பலிலிருந்து அல்ல.

முதல் படி: ஆபத்து இல்லை என்று உறுதி செய்யுங்கள்

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், இரு கண்மணிகளும் வெவ்வேறு அளவில் இருப்பது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிவது, எழுப்பினாலும் எழாத மயக்கம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் வயதானவர்களும் அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: முதல் இரண்டு நாள்

அடிபட்டவரைத் தூங்கவே விடக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மருத்துவர் பரிசோதித்து ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு தாராளமாகத் தூங்கலாம். தூக்கம் வந்தால் தூங்குங்கள். செல்போன், டிவி பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்துக் கிடப்பது மீட்சியைத் தாமதப்படுத்தும். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மூளையதிர்ச்சி நிபுணர்களின் பரிந்துரையும், 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, பிறகு மெல்ல மெல்ல நடமாட்டம் என்பதே.

மூன்றாம் படி: ஒரு நோட்டுப் புத்தகம்

எனக்குப் பெரிதும் உதவியது இதுதான். செய்த வேலை, எவ்வளவு நேரம், முன்னும் பின்னும் பத்துக்கு எத்தனை அசதி என்று மட்டும் எழுதினேன். ‘வெங்காயம் நறுக்கியது, 10 நிமிடம், 3, 4.’ ‘வங்கி விண்ணப்பம் நிரப்பியது, 15 நிமிடம், 3, 8.’ உடம்பு அசையாத வேலைதான் என்னை அதிகம் சாய்த்தது என்பது நான்கே நாளில் தெரிந்தது. கூட்டமாக உறவினர்கள் பேசும் கூடம் அதைவிட மோசம்.

எந்த வேலை உங்களைச் சாய்க்கிறதோ அதைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். பதினைந்து நிமிடத்தில் தலை கனக்கிறது என்றால் பத்தாவது நிமிடத்திலேயே நிறுத்துங்கள். கண்ணை மூடி ஐந்து நிமிடம் அமர்ந்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். கடினமானதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுத் தெளிவாக இருக்கும் நாளில் மிச்சமிருக்கும் எல்லா வேலையையும் முடித்துவிடலாம் என்ற ஆசை வரும். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவை அடுக்கினேன், செவ்வாய்வரை எழவில்லை.

நான்காம் படி: தூக்கத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருவது

இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுங்கள். எழுந்ததும் மொட்டைமாடியிலோ வாசலிலோ வெளிச்சத்தில் சிறிது நேரம் இருங்கள். முதல் சில நாள் கழிந்த பின் பகல் தூக்கம் 30 நிமிடத்துக்குள், மூன்று மணிக்கு முன்பாக முடியட்டும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மாலை காபியை விடுவது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது, ஆனால் குடித்த காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மது அறவே கூடாது. கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும் வேண்டாம். படுத்துத் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து மங்கிய விளக்கில் அமர்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள்.

ஐந்தாம் படி: நடை

இரண்டு நாள் கழிந்ததும் தெருமுனைவரை நடக்கலாம். நடக்கும்போது அறிகுறிகள் பத்துக்கு இரண்டு புள்ளிவரை கூடி, ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிட்டால் கவலையில்லை. அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் தூரத்தைக் குறையுங்கள். மீண்டும் தலையில் அடிபடக்கூடிய விளையாட்டு, வண்டி ஓட்டுவது இரண்டும் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம்.

ஆறாம் படி: மீண்டும் மருத்துவரிடம்

பெரும்பாலோர் ஒரு மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். அதைத் தாண்டியும் அசதி விடாவிட்டாலோ, குறட்டையும் மூச்சுத்திணறலும் புதிதாக வந்தாலோ, மனம் சோர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ நரம்பியல் மருத்துவரிடம் செல்லுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ‘களைப்பாக இருக்கிறது’ என்று நான் சொன்னதைவிட, ‘3, 8’ என்று எழுதியிருந்த வரியைத்தான் என் மருத்துவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.