கார்ட்லெஸ் கிட் வாங்குமுன்: பேட்டரி, சுவர், டிரில்

கார்ட்லெஸ் டிரில் பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பேட்டரி வரிசையைத் தப்பாகத் தேர்ந்துவிட்டால், அடுத்தடுத்து வாங்கும் ஒவ்வொரு கருவியிலும் அந்தத் தப்பு தொடரும். ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொரு நிறுவனத்தின் கருவியில் பொதுவாக ஏறாது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே ஏறாத வரிசைகளும் உண்டு. போஷின் பச்சை நிற வீட்டு உபயோக வரிசையும் நீல நிற புரொபஷனல் வரிசையும் இரண்டுமே 18 வோல்ட்தான். ஆனாலும் ஒன்றின் பேட்டரி மற்றதில் பொருந்தாது. மகிட்டாவில் எல்எக்ஸ்டி வரிசைக்கும் ஜி வரிசைக்கும் இதே நிலைமைதான்.

அதனால் டிரிலைப் பார்க்குமுன், அந்தப் பேட்டரியில் வேறு என்னென்ன கருவிகள் ஓடும் என்ற பட்டியலைப் பாருங்கள். ஜிக்சா, சர்குலர் சா, ஆங்கிள் கிரைண்டர், சாண்டர், புளோயர் இவற்றில் உங்களுக்குத் தேவைப்படக்கூடிய இரண்டு மூன்றாவது அதில் இருக்க வேண்டும். அவை பேட்டரி, சார்ஜர் இல்லாமல் கருவி மட்டும் தனியாகக் கிடைக்கின்றனவா என்றும் கேளுங்கள். கிட், அதாவது கருவி, பேட்டரி, சார்ஜர் சேர்ந்த தொகுப்பு வாங்குவதன் லாபமே அதில்தான் இருக்கிறது.

வோல்ட் கணக்கு

லித்தியம் அயான் செல் ஒன்று சராசரியாக 3.6 வோல்ட் தரும்; முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். மூன்று செல்களைத் தொடராக இணைத்தால் சராசரி 10.8, உச்சம் 12.6. இதைத்தான் 12 வோல்ட் கருவி என்கிறார்கள். ஐந்து செல் என்றால் சராசரி 18, உச்சம் 21. ஆக, 18 வோல்ட் என்று எழுதியதும் 20 வோல்ட் மேக்ஸ் என்று எழுதியதும் ஒரே ஐந்து செல் பேட்டரிதான். டிவால்ட்டின் ஒரே வகைப் பேட்டரி ஐரோப்பாவில் 18 என்றும் அமெரிக்காவில் 20 மேக்ஸ் என்றும் விற்கப்படுகிறது. 20 என்ற எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

மலிவான சில கிட்களின் மேல் 48, 88, 128 என்றெல்லாம் எண் போட்டிருக்கும். பக்கத்தில் ஒரு ஆங்கில எழுத்தும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது வோல்ட் அளவு அல்ல, வெறும் மாடல் பெயர். உண்மை தெரிய, சார்ஜரைத் திருப்பி அவுட்புட் வரியைப் படியுங்கள். அங்கே 21 வோல்ட் என்று இருந்தால் உள்ளே தொடராக ஐந்து செல். 16.8 என்றால் நான்கு, 12.6 என்றால் மூன்று. பேட்டரியின் முகப்பில் என்ன அச்சிட்டிருந்தாலும், அந்தச் சார்ஜர் ஏற்றுகிற வோல்ட்டுக்கு மேல் அது போக முடியாது.

அலமாரி, திரைச்சீலைக் கம்பி, பர்னிச்சர் பூட்டுவது, கதவுக் கீல் மாற்றுவது என்ற அளவோடு வேலை நிற்குமென்றால் 12 வோல்ட் போதும். எடை ஒரு கிலோ அளவில் இருக்கும், குறுகலான இடத்திலும் நுழையும். சுவரில் அடிக்கடி துளை, மரம் அறுப்பது, கிரைண்டர் என்று போனால் 18 வோல்ட் எடுங்கள்.

ஆம்பியர் அவரும் எடையும்

பேட்டரியின் கொள்ளளவு தெரிய வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் (லேபிளில் Ah) பெருக்குங்கள். 18 வோல்ட், 2 ஆம்பியர் அவர் என்றால் 36 வாட் அவர். அதுவே 5 ஆம்பியர் அவர் என்றால் 90. பெரிய பேட்டரி நெடுநேரம் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். கருவியின் பலமும் அதனால் கூடும் என்பது பலருக்குத் தெரியாது. வழக்கமான 2 ஆம்பியர் அவர் பேட்டரியில் ஐந்து செல் மட்டும் இருக்கும். மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் முழுவதையும் ஒவ்வொரு செல்லும் தாங்க வேண்டும். 5 ஆம்பியர் அவர் பேட்டரியில் பெரும்பாலும் பத்து செல், இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் இருக்கும். சுமை பாதியாகும், சூடு குறையும், வோல்ட் அவ்வளவு இறங்காது. கிரைண்டரைச் சின்னப் பேட்டரியில் ஓட்டினால் நடுவில் திடீரென நின்றுவிடுவது இதனால்தான்: பேட்டரி காலியாகியிருக்காது, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று தன்னைத் துண்டித்துக்கொண்டிருக்கும்.

லேபிளை நம்புவதா என்ற சந்தேகம் வந்தால் சமையலறைத் தராசு உதவும். 18650 வகை செல் ஒன்று 45 முதல் 48 கிராம். பத்து செல் இருந்தால் செல்கள் மட்டுமே 450 கிராமைத் தாண்டும். கூட்டோடு சேர்த்தால் 600 கிராமுக்குக் குறையாது. 5 ஆம்பியர் அவர் என்று எழுதிய பேட்டரி 350 கிராம்தான் நிற்கிறது என்றால் உள்ளே ஐந்து சின்ன செல்தான் இருக்கிறது. (கொஞ்சம் பெரிய 21700 வகை செல் 70 கிராம் அளவில் இருக்கும், அதில் ஐந்தே செல்லில் 4 ஆம்பியர் அவர் கிடைக்கும். அந்தப் பேட்டரியும் அரை கிலோவை நெருங்கும்.)

சார்ஜரில் ஆம்பியரையும் கவனியுங்கள். 2 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 2 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அதே பேட்டரிக்கு 0.4 ஆம்பியர் சார்ஜர் கொடுத்திருந்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். கிட்டில் இரண்டு பேட்டரி இருப்பது அவசியம் என்றே சொல்வோம். மெதுவான சார்ஜரோடு ஒரே பேட்டரி என்றால் பாதி நாள் காத்திருப்பிலேயே போய்விடும்.

எந்த டிரில் என்பதைச் சுவர் சொல்லும்

பெயர்க் குழப்பம் அதிகமுள்ள இடம் இது. இம்பாக்ட் டிரில் என்று விற்கப்படுவது சுவரில் துளையிடும் ஹாமர் டிரில். இம்பாக்ட் டிரைவர் வேறு கருவி. அதில் அடி சுழலும் திசையில் விழும், முன்னோக்கி விழாது. நீளமான ஸ்க்ரூவை மரத்தில் ஏற்றுவதற்கும் இறுகிய போல்ட்டைக் கழற்றுவதற்கும் அருமையானது. கான்கிரீட்டில் துளை போட உதவாது. அதில் கிளட்ச் (குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் சுழற்சியைத் துண்டிக்கும் அமைப்பு) இல்லை, அதனால் சின்ன ஸ்க்ரூவின் தலை நொடியில் மழுங்கிவிடும்.

ஜிப்சம் பலகை, மரம், உலோகத் தகடு மட்டும் என்றால் சாதாரண டிரில் டிரைவர் போதும். செங்கல் சுவருக்கு ஹாமர் வசதி வேண்டும். சக்குக்குப் (பிட் எனும் துளையிடும் முனையைப் பிடிக்கும் வாய்) பின்னால் உள்ள வளையத்தில் சுத்தியல் படம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே பற்கள் கொண்ட இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால்தான் அந்த அதிர்வு வருகிறது. நீங்கள் அழுத்தும் பலம்தான் அதன் அடி. கான்கிரீட் தூண், பீம், கூரையில் 6 மி.மீ. துளை ஒன்றிரண்டு எப்படியாவது போட்டுவிடலாம். பத்துத் துளை என்றால் கையும் பிட்டும் ஓய்ந்துவிடும். அதற்கு எஸ்டிஎஸ் பிளஸ் ரோட்டரி ஹாமர்தான் சரி. அதில் காற்றழுத்த பிஸ்டன் தானே அடிக்கும், நீங்கள் தாங்கிப் பிடித்தால் போதும். அது எப்போதாவது ஒரு முறைதான் தேவை என்றால் வாடகைக்கு எடுப்பதே மேல்.

டைல்ஸ் மீது துளை போடும்போது டைல் கடக்கும் வரை ஹாமரை அணைத்து வைக்கவும், இல்லையேல் விரிசல் நிச்சயம். கான்கிரீட்டில் பிட் திடீரென முன்னேறாமல் உலோகச் சத்தம் வந்தால் கம்பியில் முட்டியிருக்கிறது. அழுத்தாதீர்கள், முனையிலுள்ள கார்பைடு உடைந்துவிடும். துளையைச் சில சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள்.

முறுக்கு விசை 55/30 நியூட்டன் மீட்டர் என்று இரண்டு எண்ணாக இருந்தால், பெரியது ஸ்க்ரூ கெட்டியான இடத்தில் முட்டி நிற்கும் கணத்துக்கு. சிறியது மரத்தில் இறங்கும்போது. ஒரு கருவியின் பெரிய எண்ணை இன்னொன்றின் சிறிய எண்ணோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். வீட்டு வேலைக்குப் பெரிய எண் 40 முதல் 60 வரை இருந்தால் நிறைவு.

பிரஷ்லெஸ் மோட்டாரில் தேயும் கார்பன் பிரஷ் கிடையாது, உரசல் இல்லாததால் அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும். கட்டுப்படியானால் எடுங்கள். ஆனால் பிரஷ்லெஸ் டிரிலும் ஒரே பேட்டரியும், சாதா டிரிலும் நல்ல பேட்டரி இரண்டும் என்ற நிலை வந்தால் இரண்டாவதே புத்திசாலித்தனம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

பேட்டரியை மாட்டியே தூக்குங்கள், பேட்டரி இல்லாத எடை எதையும் சொல்லாது. பிறகு நேரான, நீளமான பிட் ஒன்றைச் சக்கில் இறுக்கி, மெதுவாகச் சுழலவிட்டு முனையைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். முனை ஒரே புள்ளியாக நிற்க வேண்டும். வட்டம் போட்டால், பிட்டை எடுத்து மறுபடி மாட்டிப் பாருங்கள். அப்போதும் ஆடினால் சக்கோ அச்சோ கோணல், அந்தக் கருவி வேண்டாம்.

டிரிகரை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அழுத்துங்கள். எறும்பு வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். ஒரே தாவலாகப் பாய்ந்தால் ஸ்க்ரூ வேலைக்கு ஆகாது. விட்டவுடன் சக் சட்டென நிற்க வேண்டும். கிளட்ச் வளையத்தை 1-இல் வைத்து மரத்துண்டில் ஒரு ஸ்க்ரூ ஏற்றுங்கள். சிறிது நேரத்தில் கடகடவென்று சத்தம் போட்டு, ஸ்க்ரூ திரும்பாமல் நிற்க வேண்டும். சக் 10 மி.மீ. போதும், 13 இருந்தால் நல்லது. ஸ்பீடு இரண்டு இருப்பது கட்டாயம்: ஸ்க்ரூவுக்கு 1, துளைக்கு 2. உத்தரவாத அட்டையில் பேட்டரிக்கு எத்தனை மாதம் என்று தனியாகத் தேடுங்கள், பல நேரம் அது கருவியைவிடக் குறைவு.

நூறு துண்டு பிட் பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். மெல்லிய இரும்பில் செய்த அந்த பிட்கள் முதல் வாரமே மழுங்கும். நல்ல தரத்தில் பிஎச்2 நட்சத்திர பிட் நான்கு, காந்தப் பிடி ஒன்று, சுவருக்கு 6, 8 மி.மீ. பிட், மரத்துக்கு 3, 5 மி.மீ. பிட், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று இருந்தால் போதும். டிரில் ஓட்டும்போது துணிக் கையுறை போடாதீர்கள். சுழலும் பிட் அதைச் சுருட்டி விரலையும் இழுத்துவிடும்.

மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதிச் சார்ஜில், கருவியிலிருந்து கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். முழுக் காலியாக விட்டுவைத்தால் வோல்ட் அடியோடு இறங்கி, பிறகு சார்ஜரே அதை ஏற்காமல் போகலாம். வேலை முடிந்ததும் கொதிக்கக் கொதிக்கச் சார்ஜில் போடாமல் அரை மணி ஆறவிடுங்கள்.